கார்னகி ஹாலில் ஜூடி கார்லண்ட்: குறைகள் உள்ள ஒரு பதிவை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறோம்?

கேள்வி இதுதான்: அமெரிக்க மேடைநாடகப் பாடல்களும் பழைய திரைப்பாடல்களும் அடங்கிய நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் எதை முதலில் கேட்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும், அமெரிக்கப் பாடகியும் திரைநடிகையுமான ஜூடி கார்லண்ட் 1961ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடிய கச்சேரியின் இரட்டை இசைத்தட்டையே சொல்கிறார்கள், கேட்டுப் பார்த்தால் குரல் சில இடங்களில் கரகரக்கிறது, ஒரு பாட்டில் வரிகளே மறந்துபோகின்றன, கைதட்டல் பாட்டை மூழ்கடிக்கிறது, இதே பாட்டுகளை ஸ்டுடியோவில் நிதானமாகப் பாடியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்காதா?

இந்தக் கேள்விக்கு ஊகத்தால் அல்லாமல் நேரடியாகவே பதில் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த ஸ்டுடியோப் பதிவுகள் உண்மையில் இருக்கின்றன. கச்சேரிக்கு எட்டு மாதங்கள் முன்பு, 1960 ஆகஸ்டில், லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் நாரி பாரமரின் இசைக்குழுவோடு ஜூடி கார்லண்ட் ஏறத்தாழ இருபது பாடல்களைப் பதிவு செய்தார். பின்னர் கார்னகி ஹாலில் அவர் பாடிய 'ஸ்டார்மி வெதர்', 'கம் ரெயின் ஆர் கம் ஷைன்', 'யூ கோ டு மை ஹெட்', 'சான் பிரான்சிஸ்கோ', 'சிகாகோ', 'ஓவர் தி ரெயின்போ' முதலிய பல அதில் இருக்கின்றன. குரல் ஓய்வு பெற்றுத் தெளிந்திருந்த காலம் அது. பதிவும் சுத்தம், வரிகளும் பிசகவில்லை. ஆனால் கச்சேரி இசைத்தட்டு வெளிவந்த பிறகு அந்த லண்டன் பதிவுகளைத் தேடுவாரில்லை. அவை முழுத் தொகுப்பாக வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும் எவருக்கும் காரணம் விளங்கும். லண்டனில் கிடைத்தவை இருபது நல்ல பாட்டுகள். கார்னகி ஹாலில் கிடைத்ததோ ஒரே படைப்பு; அதற்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் உறுப்புகளாக அமைந்திருக்கின்றன. என் பதில் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டை விளக்குவதே.

முதலில், அந்த மேடைக்கு வந்து நின்றவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். 1922 ஜூன் 10 அன்று மினசோட்டா மாநிலத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸ் ஊரில், பிரான்சஸ் எதெல் கம் என்ற பெயரில் பிறந்தவர். தாயும் தந்தையும் சிறு அரங்குகளில் பாடிப் பிழைத்தவர்கள். நடை பழகும் வயதிலேயே அக்காமார்களோடு மேடையேற்றப்பட்டவர். 1935இல், பதின்மூன்று வயதில், எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் திரைப்பட நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1939இல் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படம் உலகறிந்த முகமாக்கியது. பதினைந்து ஆண்டுகள் அந்த நிறுவனத்துக்காக ஓயாமல் உழைத்ததில் மாத்திரைகளும் தூக்கமின்மையும் அவர் உடலோடு ஒட்டிக்கொண்டன. 1950இல் நிறுவனம் அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டே லண்டன் பலேடியத்திலும் பின்னர் நியூயார்க்கின் பேலஸ் அரங்கிலும் மேடைப் பாடகியாக எழுந்தார். பேலஸில் அந்த நிகழ்ச்சி பத்தொன்பது வாரங்கள் ஓடியது. 1954இல் 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படம் மீண்டும் ஓர் உச்சம். அதன் பிறகு மறுபடி சரிவு. 1959 நவம்பரில் கல்லீரல் அழற்சியோடு நியூயார்க்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, இனி அவர் வேலை செய்யவே இயலாது, மீதி வாழ்நாளைப் பாதி நோயாளியாகவே கழிக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்புக்கு ஒன்றரை ஆண்டுக்குள், 1961 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு, அவர் கார்னகி ஹாலில் பாடினார். அவருக்கு அப்போது வயது 38. அரங்கில் இருந்தவர்கள் இந்தக் கதை முழுவதையும் அறிந்தவர்கள். இது பாட்டுக்கு வெளியே உள்ள செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அன்றைய பாடல் வரிசை அந்த அறிதலை நம்பியே கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அதையே எல்லாமாக ஆக்கி, துயரப்பட்ட பெண் ஒருத்தியின் அழுகையாக மட்டும் இந்தக் கச்சேரியைக் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் அன்று துன்பத்தைக் காட்ட வரவில்லை. தொழில் தெரிந்த, வேடிக்கை பேசத் தெரிந்த, கூட்டத்தை எங்கே ஏற்றி எங்கே இறக்க வேண்டும் என்று நன்கறிந்த ஒரு மேடைக் கலைஞர் தம் கைவசமிருந்த வித்தைகள் அனைத்தையும் ஒரே இரவில் எடுத்து வைத்தார் என்பதே சரியான விவரிப்பு.

நிகழ்ச்சியின் வடிவமும் அப்போது புதிது. பேலஸ் அரங்கில் அவரோடு நடனக்காரர்கள் இருந்தார்கள், வேடங்கள் இருந்தன, கிழிந்த உடை அணிந்த நாடோடியாக மேடை விளிம்பில் உட்கார்ந்து பாடும் காட்சி இருந்தது. 1960இல் லண்டனில் அவர் இவற்றையெல்லாம் விலக்கிவிட்டு, இசைக்குழுவை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு, இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக மாலை முழுவதும் தனியாகப் பாடிப் பார்த்தார். அது நிலைத்தபின் அதே வடிவத்தோடு 1961இன் தொடக்கத்திலிருந்து அமெரிக்க நகரங்களில் பாடிக்கொண்டு வந்தார். எனவே கார்னகி ஹாலில் நாம் கேட்பது அன்று தோன்றிய எழுச்சியில் மட்டும் பிறந்ததன்று. ஊர் ஊராகப் பாடிப் பதம் பார்த்த பாடல் வரிசை அது. நடத்துநர் மார்ட் லிண்ட்சே அவருடைய மூச்சு எங்கே நிற்கும், எங்கே அவர் தாளத்தை இழுப்பார் என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து இசைக்குழுவைக் கொண்டுசெல்வதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

அரங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 1891இல் சைகோவ்ஸ்கி வந்து இசைக்குழுவை நடத்தித் திறந்துவைத்த அந்தக் கட்டடத்தை இடித்துவிடத் திட்டம் இருந்தது. வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று போராடியதால் 1960இல் நியூயார்க் நகரமே அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது. கச்சேரி நடந்தபோது அந்த மீட்பு முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மேலைச் செவ்வியல் இசைக்கென்று எழுப்பப்பட்ட, ஒலி தேயாமல் கடைசி வரிசை வரை போய்ச் சேரும் கூடம் அது. அதனால்தான் பதிவில் கூட்டத்தின் ஓசை தூரத்து இரைச்சலாக அல்லாமல், பாடகியின் குரலைச் சுற்றி நிற்கும் மனிதர்களின் ஓசையாகக் கேட்கிறது. அந்த ஆண்டுக்கான அமெரிக்க இசைத்துறையின் கிராமி விருதுகளில் ஒலிப்பதிவுப் பொறியியலுக்கான விருதும் இந்த இசைத்தட்டுக்கே கிடைத்ததில் வியப்பில்லை.

இனி பாடல்கள். இவற்றில் பெரும்பாலானவை 1910களின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை நியூயார்க்கின் பிராட்வே இசைநாடகங்களுக்காகவும் ஹாலிவுட் படங்களுக்காகவும் எழுதப்பட்டவை. நாடகம் மறக்கப்பட்ட பிறகும் பாட்டு மட்டும் பிழைத்து, ஜாஸ் குழுக்களும் பாடகர்களும் தலைமுறை தலைமுறையாக எடுத்துப் பாடிப் பொதுச்சொத்தைப் போல் ஆகிவிட்டவற்றைத்தான் 'ஸ்டாண்டர்ட்' என்பார்கள். அன்று பாடப்பட்ட 'அலோன் டுகெதர்' 1932இல் ஒரு பிராட்வே நிகழ்ச்சிக்காக எழுதப்பட்டது. 'திஸ் கான்ட் பி லவ்' 1938இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் 'தி பாய்ஸ் ஃப்ரம் சிரக்யூஸ்' நாடகத்துக்காக எழுதியது. 'ஆல்மோஸ்ட் லைக் பீயிங் இன் லவ்' 1947இன் 'பிரிகடூன்' நாடகத்தில் வருவது. ஜார்ஜ் கெர்ஷ்வின், இர்விங் பெர்லின், நோயல் கவர்ட் ஆகியோரும் அன்றைய வரிசையில் உண்டு. ஆனால் அன்றைய மாலையின் முதுகெலும்பாக நின்ற இசையமைப்பாளர் ஹெரால்ட் ஆர்லன்தான். கச்சேரியின் கனமான நான்கு பாட்டுகள், 'தி மேன் தட் காட் அவே', 'கம் ரெயின் ஆர் கம் ஷைன்', 'ஸ்டார்மி வெதர்', 'ஓவர் தி ரெயின்போ', அவர் மெட்டமைத்தவை. யூத வழிபாட்டு மன்றத்தில் பாடும் தந்தைக்கு மகனாகப் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதிக்காகக் கறுப்பினக் கலைஞர்களுக்கு மெட்டுப் போட்டு வளர்ந்த ஆர்லனின் இசையில் வழிபாட்டின் நெகிழ்ச்சியும் கறுப்பின மக்களின் துயரப்பாட்டான ப்ளூஸின் வலியும் ஒன்றாகவே ஓடுகின்றன. ஜூடி கார்லண்டின் குரலுக்கு அது அளந்து தைத்தாற்போலப் பொருந்தியது.

தொடக்கத்தைக் கவனியுங்கள். அவர் வருவதற்கு முன் இசைக்குழு மட்டும் ஒரு முன்னிசை வாசிக்கிறது. அதில் அவர் தம் படங்களில் பாடிப் புகழ்பெற்ற 'தி ட்ராலி சாங்', 'ஓவர் தி ரெயின்போ', 'தி மேன் தட் காட் அவே' ஆகியவற்றின் மெட்டுகள் வருகின்றன. ஒவ்வொரு மெட்டும் தலைகாட்டும்போதும் கூட்டம் அதை இனங்கண்டு கைதட்டுகிறது. பாடகி ஒரு சுரமும் பாடுவதற்கு முன்பே அவையோர் தங்கள் நினைவுகளைக் கையிலெடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அவர் வந்தவுடன் அந்த மூன்றில் ஒன்றைக்கூடப் பாடுவதில்லை. எளிய, உற்சாகமான 'வென் யூ ஆர் ஸ்மைலிங்' பாட்டோடு தொடங்குகிறார். எதற்காக எல்லோரும் வந்திருக்கிறார்களோ அதைக் காட்டிவிட்டு, மாலை முழுவதும் ஒத்திவைக்கும் துணிவு அது. கச்சேரியின் இழுவிசை அங்கேயே ஏற்றப்பட்டுவிடுகிறது.

அடுத்த சில பாட்டுகளில் அவர் கூட்டத்தின் நாடியைப் பார்க்கிறார் என்று சொல்லலாம். வேகமான இரட்டைப் பாட்டு ஒன்று. பிறகு கெர்ஷ்வின் 1922இல் மெட்டமைத்த 'டூ இட் அகெயின்'. சிணுங்கலோடும் கொஞ்சலோடும் பாடுவதற்கென்றே எழுதப்பட்ட அந்தப் பாட்டை அவர் மிக மெதுவாக, ஏறக்குறையக் காதோடு பேசுவதுபோலப் பாடுகிறார். குறும்புப் பாட்டு வேண்டுகோள் பாட்டாகிவிடுகிறது. இந்தப் பாட்டை இவ்வளவு தாழ்ந்த வேகத்தில் நிறுத்திவைப்பதற்கு மூச்சின் மேல் எவ்வளவு ஆளுகை வேண்டும் என்பது பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதற்கு அடுத்து வருவதுதான் கேள்வியில் சொல்லப்பட்ட அந்த இடம். 'யூ கோ டு மை ஹெட்' வேகமான லயத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் வரிகள் அவருக்குத் தப்பிவிடுகின்றன. அவர் நிறுத்தவில்லை, இசைக்குழுவும் நிற்கவில்லை. மெட்டையும் தாளத்தையும் ஒரு கணமும் விடாமல், வாய்க்கு வந்த சொற்களை அந்த இடத்துக்குப் பொருந்தும்படி இட்டுக்கொண்டே போய், சரியான இடத்தில் மூலப் பாட்டுக்குள் மறுபடி நுழைந்துவிடுகிறார். இசைத்தட்டைத் தயாரித்த கேபிடல் நிறுவனம் இந்தப் பாட்டை விட்டுவிட்டிருக்கலாம், ஆனால் அப்படியே வைத்தது. ஓராண்டுக்கு முன், 1960 பிப்ரவரியில், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பெர்லின் கச்சேரியில் 'மேக் தி நைஃப்' பாட்டின் வரிகளை மறந்து, மறந்ததையே பாட்டாக்கிப் பாடிய பதிவு பெரும் புகழ் பெற்றிருந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஜாஸ் கலைஞர். கற்பனையாகப் பாடுவது அவருடைய இயல்பான நிலம். ஜூடி கார்லண்டுக்கோ எழுதப்பட்ட வரியே எல்லாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லிப் பாடும் மரபில் வந்தவர் வரியை இழப்பது நடிகர் வசனத்தை இழப்பதற்கு நிகர். அப்படி இழந்த பிறகும் பாட்டு கவிழவில்லை என்பதால், இந்த இடத்தை நான் குறையென்று கருதவில்லை. அதற்கு மேல் மாலை முழுவதும் கேட்பவரின் காது ஒருவகை விழிப்போடு இருக்கிறது. எதுவும் நடக்கலாம் என்ற அந்த உணர்வை லண்டன் ஸ்டுடியோவால் தர முடியவில்லை.

முதல் பகுதியின் நடுவே சிறு ஜாஸ் குழுவை மட்டும் துணையாகக் கொண்டு பாடும் பகுதி இனிமையானது, அதிகம் சொல்வதற்கில்லை. அங்கிருந்து நேராக 'தி மேன் தட் காட் அவே' பாட்டுக்கு வந்துவிடலாம். அக்காலப் பாட்டுகளில் பெரும்பாலானவை 32 தாளக்கட்டங்களுக்குள் அடங்குபவை: எட்டெட்டாக நான்கு பகுதிகள், அவற்றில் முதல், இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. 1954 படத்துக்காக ஆர்லன் மெட்டமைத்து ஐரா கெர்ஷ்வின் வரிகள் எழுதிய இந்தப் பாட்டோ அந்த வரம்பை மீறி நீள்வது. தாழ்ந்த குரலில், பேச்சுக்கு மிக அருகில் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சத்தில் வெடித்து, பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்து அடங்குகிறது. இதில் அவருடைய உத்தி முழுவதையும் பார்க்கலாம். நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரலை உச்சஸ்தாயிக்குப் போகும்போதும் மெலியவிடாமல் அப்படியே தூக்கிச் செல்கிறார். நீட்டிப் பிடிக்கும் சுரம் முதலில் அசைவில்லாமல் நிற்கிறது, பின்னர் மட்டும் அதிர்வு மெல்ல மெல்ல அகலமாகிறது. மெய்யெழுத்துகள் எதுவும் சிதையாமல் கடைசி வரிசை வரை கேட்கின்றன. உருக்கமாகப் பாடுகிறவர் என்று அவரைச் சொல்பவர்கள் பலர். அந்த உருக்கத்தைத் தாங்கி நிற்கும் இந்தத் தேர்ச்சியைச் சொல்பவர்கள் குறைவு.

உடனே அடுத்ததாக 'சான் பிரான்சிஸ்கோ' வருகிறது. 1936ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஜானட் மெக்டானல்ட் பாடிய பாட்டு அது. எம்.ஜி.எம். காலத்திலிருந்தே ஜூடியை வழிநடத்திய ராஜர் ஈடன்ஸ், அந்தப் பழைய பாடகியைச் செல்லமாகக் கேலி செய்யும் ஒரு முன்பகுதியை எழுதிச் சேர்த்திருந்தார். நெஞ்சை உலுக்கிய பாட்டு முடிந்த கையோடு இப்படி ஒரு சிரிப்பை எடுத்து வைப்பதில்தான் இந்த நிகழ்ச்சியின் கட்டுமானம் தெரிகிறது. பாட்டுகளை மட்டும் தனித்தனியே இணையத்தில் தேர்ந்தெடுத்துக் கேட்பவர்களுக்கு இந்த உறவு கிடைப்பதேயில்லை.

இரண்டாம் பகுதியில் இரண்டு பாட்டுகளின் மேல் சற்றுத் தங்க வேண்டும். முதலாவது 'கம் ரெயின் ஆர் கம் ஷைன்'. 1946இல் ஆர்லனும் ஜானி மெர்சரும் 'செயின்ட் லூயிஸ் வுமன்' என்ற இசைநாடகத்துக்காக எழுதிய இதைப் பலரும் நிதானமான காதல் உறுதிமொழியாகப் பாடுவார்கள். நெல்சன் ரிடில் 1956இல் ஜூடிக்காக அமைத்துக்கொடுத்த இசைவடிவம் வேறு: பாங்கோ முழவுகளின் விடாத துடிப்பின் மேல் குரல் ஏறி ஏறிப் போகிறது. காதல் உறுதிமொழி ஏறக்குறைய வெறியாகிறது. கார்னகி ஹாலில் இசைக்குழுவும் அவரும் ஒருவரையொருவர் துரத்துவதுபோல இதை முடிக்கும்போது எழும் ஆரவாரம் இந்த இசைத்தட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று.

இரண்டாவது, நோயல் கவர்ட் 1929இல் 'பிட்டர் ஸ்வீட்' இசைநாடகத்துக்காக எழுதிய 'இஃப் லவ் வேர் ஆல்'. காதலே எல்லாமாக இருந்தால் தனக்குக் கிடைத்தது மிகக் கொஞ்சம், ஆனால் மக்களை மகிழ்விக்கும் ஒரு சிறு திறமை தனக்கு இருக்கிறது என்று ஒரு மேடைப் பாடகி தன்னைப் பற்றிச் சொல்லும் பாட்டு. நாடகத்தில் அது ஒரு துணைப் பாத்திரத்தின் பாட்டுதான். ஜூடி கார்லண்ட் பியானோவை மட்டும் துணைகொண்டு, குரலை மிகவும் தணித்து அதைப் பாடுகிறார். எழுதியவரும் எழுதப்பட்ட பாத்திரமும் மறைந்து, நிற்பவரின் சொந்த வாக்குமூலமாகப் பாட்டு மாறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, முன்னுரையாக எதையும் விளக்கவில்லை. கேட்பவர்கள் அறிந்த வாழ்க்கையும் பாட்டின் வரிகளும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்கின்றன. பெருங்கூச்சல்களுக்கு நடுவே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருப்பதும் இந்தப் பதிவில் கேட்கிறது.

பாட்டுகளுக்கு இடையே அவர் பேசுகிறார். பாரிஸில் தலையலங்காரம் செய்துகொண்டு பட்ட பாட்டையும், தம்மிடம் இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் பிறகு தம் பருமனைப் பற்றி எழுதிய ஒரு பெண் நிருபரைப் பற்றியும் அவர் சொல்லும் கதைகளுக்குக் கூட்டம் வாய்விட்டுச் சிரிக்கிறது. 1961 ஜூலையில் வந்த முதல் இசைத்தட்டில் இந்தப் பேச்சு பெரிதும் வெட்டப்பட்டிருந்தது. நாற்பதாம் ஆண்டையொட்டி 2001இல் வந்த குறுந்தகட்டுப் பதிப்பில் மாலை முழுமையாகக் கிடைக்கிறது. கேட்பதானால் அந்த வடிவத்தையே தேடிக் கேளுங்கள். பேச்சு இல்லாமல் கேட்டால் அவர் உருக்கத்திலிருந்து உருக்கத்துக்குத் தாவுவதாகத் தோன்றும்; பேச்சோடு கேட்டால் எவ்வளவு நகைச்சுவை உணர்வுள்ள மனிதர் அங்கே நின்றார் என்பது தெரியும்.

முடிவை நோக்கிப் போகும்போது நிகழ்ச்சியில் குறை என்று நானும் ஒப்புக்கொள்ளும் ஒன்று வருகிறது. 'ராக் அ பை யுவர் பேபி வித் எ டிக்ஸி மெலடி', 'ஸ்வானி' ஆகிய இரண்டும் மேடைப் பாடகர் ஆல் ஜால்சன் புகழ்பெறச் செய்த பாட்டுகள். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப்போல் நடித்த மேடை மரபிலிருந்து வந்த இவை, அடிமைமுறை நிலவிய அமெரிக்கத் தென்பகுதியை ஏக்கத்தோடு நினைவுகூரும் பொய்யான ஒரு சித்திரத்தைத் தருகின்றன. ஜார்ஜ் கெர்ஷ்வின் இருபது வயதில் மெட்டமைத்த 'ஸ்வானி'தான் அவருக்கு வந்த முதல் பெரும்வெற்றி என்பதும், ஜூடியின் தலைமுறைக்கு அவை வெறும் பழைய கலகலப்பான மேடைப்பாட்டுகளாகவே பட்டன என்பதும் வரலாற்று உண்மைகள்; ஆனாலும் இன்று அவற்றை அறியாமல் கேட்க முடியாது. அவர் பாடும் விசையை வியந்துகொண்டே அந்த மரபை வெறுக்கவும் நமக்கு இடமிருக்கிறது.

இவற்றுக்கு நடுவில்தான் 'ஓவர் தி ரெயின்போ' வருகிறது. மாலை முழுவதும் ஒத்திவைக்கப்பட்ட பாட்டு. 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துக்காக ஆர்லனும் யிப் ஹார்பர்கும் எழுதியது. படத்தின் முன்னோட்டக் காட்சிக்குப் பின் நிறுவனத்தார் வெட்டிவிட எண்ணி, கடைசியில் தப்பிப் பிழைத்தது. முதல் சொல்லிலேயே சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஒரே தாவலாக எழும் மெட்டு. பதினாறு வயதில் பாடியபோது அந்தத் தாவல் எளிதாக, தெளிந்த நீரோட்டமாக இருந்தது. அந்தச் சிறுமிக்குத் தான் கேட்கும் இடம் எங்கோ உண்மையாகவே இருக்கிறது. 38 வயதில் குரல் தடித்து இருண்டிருக்கிறது. அவ்வளவு நேரம் பாடிய களைப்பும் தெரிகிறது. தாவலை அவர் அலங்கரிக்கவில்லை, அவசரப்படவுமில்லை. மேல் சுரத்தைத் தொடும்போது குரலில் விழும் அந்தச் சிறு கீறலைத் திருத்தி எடுத்த பதிவு ஒன்று இருந்தால், அதை நான் கேட்க விரும்பமாட்டேன். கேள்வியில் சொல்லப்பட்ட கரகரப்பு பெரும்பாலும் இங்கேதான் கேட்கிறது. முதல் பாட்டாக இதைப் பாடியிருந்தால் அது வந்திருக்காது, பாட்டும் இந்தப் பாட்டாக இருந்திருக்காது.

அதன்பிறகும் கூட்டம் விடவில்லை. பாட்டுகளின் பெயர்களைக் கூவுகிறார்கள். எல்லாவற்றையும் பாடிவிடுகிறேன், விடியும்வரை இங்கேயே இருந்துவிடலாம் என்று அவர் சொல்லும்போது எழும் ஆரவாரம் பதிவில் இருக்கிறது. பலர் மேடையை நோக்கி ஓடிவந்து கை நீட்டியிருக்கிறார்கள். நடிகர் ராக் ஹட்சன் ஜூடியின் சிறு குழந்தைகள் இருவரையும் தூக்கி மேடையில் நிறுத்தியிருக்கிறார். இசைக்குழுவோடு ஒத்திகை செய்த பாட்டுகள் தீரும்வரை பாடி, 'சிகாகோ' பாட்டோடு முடித்தார்.

வெளிவந்த இசைத்தட்டு அமெரிக்க இசைத்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் பதின்மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது 1962இல் இதற்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஜூடி கார்லண்டே. அவருடைய பாட்டுக்கும், முன்பு சொன்ன ஒலிப்பதிவுக்கும், உறை ஓவியத்துக்கும் சேர்த்து மொத்தம் நான்கு கிராமிகள். 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இதைச் சேர்த்துக்கொண்டது. அவரோ அந்தக் கச்சேரிக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1969 ஜூன் 22 அன்று, 47 வயதில் லண்டனில் காலமானார்.

இதற்கு இணையாகக் கேட்கத்தக்க பதிவுகள் இல்லாமலில்லை. லீனா ஹார்ன் 1957இல் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் பாடியது கூர்மையும் நாகரிகமும் கொண்டது. மேசைகளைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிறு கூட்டத்துக்கான பாட்டு. பார்பரா குக் 1975இல் இதே கார்னகி ஹாலில் பாடியதில் பிராட்வே நாடக மேடையில் பழகிய உயர்ந்த, தூய குரலைக் கேட்கலாம். சுருதிச் சுத்தம் வேண்டுவோர் அங்கே மனநிறைவு அடைவார்கள், நானும் அதை விரும்பிக் கேட்பவன். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பெர்லின் பதிவு லயத்தில் இவை எல்லாவற்றையும் விஞ்சும். தனிப்பாட்டுகளாக எடுத்தால் 'ஸ்டார்மி வெதர்' பாட்டில் லீனா ஹார்னையே நான் முன்வைப்பேன்.

ஆனால் பாடல் வரிசையே ஒரு படைப்பாக நின்றுவிட்டது என்பதற்கு வேறெந்தப் பதிவுக்கும் இல்லாத ஒரு சான்று இந்தக் கச்சேரிக்கு உண்டு. 2006 ஜூனில் பாடகர் ரூஃபஸ் வெயின்ரைட் கார்னகி ஹாலில் முழு இசைக்குழுவோடு இந்த நிகழ்ச்சியை அதே பாட்டுகளோடும் அதே வரிசையிலும் மீண்டும் பாடினார்; ஜூடியின் மகள் லார்னா லஃப்ட் அதில் கலந்துகொண்டு பாடினார்; அடுத்த ஆண்டு அதுவும் இசைத்தட்டாக வந்தது. நாடகங்களை இப்படி மறுபடி மறுபடி மேடையேற்றுவது வழக்கம். ஒரு பாடகியின் ஒரு மாலைக் கச்சேரியை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொருவர் முழுதாக எடுத்து நடத்துவது அரிது. 2001ஆம் ஆண்டுப் பதிப்பை முன்னிசையிலிருந்து 'சிகாகோ' வரை ஒரே அமர்வில் கேட்டுவிட்டு, பிறகு லண்டன் ஸ்டுடியோவில் பதிவான 'ஓவர் தி ரெயின்போ' பாட்டைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.